நூற்றில் இரண்டு

நேற்று ஒஸ்லோவின் ஹவுகெட்டோ நிலையத்தில் ரயில் ஏறிய ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். அவளுடைய வேலைச் சட்டையில் இரும்பு வெட்டும்போது ஊற்றும் எண்ணெயின் மணம். என்னையறியாமல் மூக்கை நீட்டியிருக்க வேண்டும், பாவம், அவள் சற்றுத் தள்ளி இருந்தாள்.

அந்த மணத்தோடுதான் நான் நாலு வருடம் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் வடக்கு நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் என்ற ஊரின் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். அந்த மணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒஸ்லோவுக்கு வந்து, முப்பத்தொரு வயதில், தகடு வெட்டும் அச்சுக் கருவி செய்யப் படிக்கப் போகிறேன் என்றதும் என் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"மீனிலை வந்த சம்பளத்திலை மூண்டிலை ஒண்டுதானே தருவாங்கள்?"

"முதல்லை அப்பிடித்தான். அரை வருசத்துக்கு ஒருக்கால் ஏறும். சோதினை பாஸ் பண்ணினா முழுச் சம்பளம்."

முதலில் பள்ளிக்கூடம், பிறகு பட்டறை. தகட்டில் ஒரே அளவாக ஆயிரம் துளை வேண்டுமென்றால், வெட்டுகிற 'பஞ்ச்' என்ற இரும்பு உளியும், அது இறங்குகிற 'டை' என்ற துளைக் கட்டையும் செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளி தலைமயிரை விட மெல்லியது. அரைத்துக் குறைத்ததை ஒட்டவும் முடியாது. சமையலில் உப்புக் கூடினால் உருளைக்கிழங்காவது போடலாம்.

சோதனைக்குச் செய்த பஞ்ச்சை அப்படித்தான் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு கூடுதலாக அரைத்துவிட்டேன். வெட்டிய தகட்டின் ஓரத்தில் பிசிறு. மறுநாள் காலையில் பரிசோதகர் வருவார். அடுத்த மேசையில் வேலை செய்த குமரேசன் கோயம்புத்தூர்க்காரர். என் தமிழில் பாதி அவருக்கு விளங்காது. தான் செய்து வைத்திருந்த பஞ்ச் ஒன்றை என் மேசையில் வைத்தார். அளவு அச்சொட்டாக இருந்தது.

"யாருக்குங்க தெரியப் போகுது? வெச்சுக்கோங்க."

இரண்டு நிமிடம் அதைக் கையில் வைத்திருந்தேன். ஆசை இருக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"வேண்டாம் அண்ணை. இதாலை பாஸ் பண்ணினா, நாளைக்கு ஒண்டைத் தனியச் செய்யச் சொல்லுவினம். அப்ப என்ன செய்யிறது?"

அவர் சிரிக்கவில்லை. பஞ்ச்சை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, எனக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தார்.

பரிசோதகரிடம் பிழையை நானே சொன்னேன். நல்லது என்று தலையாட்டிவிட்டு, தேறவில்லை என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னேன். கணவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"திருப்பி எடுக்க எத்தினை மாசம்?"

"ஆறு."

"சரி. நான் சனிக்கிழமையும் பஸ் ஓடுறன்."

ஆறு மாதத்தில் தேறினேன். முழுச் சம்பளம் வந்த கிழமை, இனிச் சனிக்கிழமை ஓட வேண்டாம் என்றேன். அந்தச் சனிக்கிழமை அவர் பத்து மணி வரை நித்திரை கொண்டார். எழும்பிவிடுவார் என்று தேத்தண்ணிக் கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தேன். பிறகு வந்த சனிக்கிழமைகளிலும் அப்படித்தான்.

பட்டறை நின்ற இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். குமரேசன் பேர்கனுக்குப் போய்விட்டார். என் கணவர் காலமாகி மூன்று வருடமாகிறது. இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் நான் கரண்டியை எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம்.