ரோல் தீர்ந்த பிறகு எடுத்த போட்டோ

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம், சங்கரன்கோவிலில் தபசுத் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது நான் செய்த காரியம் இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எம்.ஏ. முடித்துவிட்டு அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இன்று எழுபதைத் தாண்டிவிட்டேன். என் மனைவியிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

போன மாதம் என் பேத்தி அவள் போனில் சில பழைய படங்களைக் காட்டினாள். எந்தெந்த நாட்டிலோ தீம் பார்க்குகள் புதிதாகத் திறந்த காலத்தில் எடுத்தவை. ராட்டினத்துக்கு முன்னால் கோட்டும் தொப்பியுமாக விறைத்து நிற்கும் மனிதர்கள், கையில் பலூனுடன் குழந்தைகள். "உங்ககிட்ட இந்த மாதிரி போட்டோ இருக்கா தாத்தா?" என்று கேட்டாள். இருக்கிறது. அந்தத் தபசுத் திருவிழாவில் ஒரே மாலையில் முப்பத்தாறு படங்கள் எடுத்தேன். ஆல்பத்தில் முப்பத்தைந்துதான் இருக்கிறது. இன்னொன்று எங்கே என்று அவள் கேட்டபோது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இந்த வயதிலும் சமாளிக்கிறேனே என்று அன்று தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அப்போது தீம் பார்க் என்ற சொல்லே கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வரும் பொருட்காட்சித் திடல்தான் எல்லாம். அதுவரை நாலு ஆட்கள் ஏறி மிதித்துச் சுற்றிய ராட்டினம், அந்த வருடம் முதல்முறையாக மோட்டாரில் சுற்றியது. அதன் சட்டங்கள் முழுக்கக் கலர் பல்புகள். பக்கத்தில் மரணக் கிணறு. மோட்டார் சைக்கிள் உறுமும்போதெல்லாம் பலகைச் சுவர் அதிரும். அதற்கு அடுத்து ஒரு போட்டோக் கடை. அட்டையில் செய்த விமானத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தலையை நீட்டினால் ஆகாயத்தில் பறப்பதுபோல் படம் பிடித்து, மறுநாள் கையில் கொடுப்பார்கள்.

எனக்கு அந்தக் கடையெல்லாம் இளப்பமாக இருந்தது. காரணம், சிங்கப்பூரிலிருந்து என் அக்காள் கணவர் கொண்டுவந்து தந்த ஜப்பான் கேமரா என் கழுத்தில் தொங்கியது. அதன் தலையில் பிளாஷ் வேறு. அலுவலக நண்பர்கள் மூன்று பேரோடு திடல் முழுக்கச் சுற்றினேன். ராட்டினத்தில் ஏறி, இறங்கி, டெல்லி அப்பளம் தின்றுகொண்டு என்று வகைவகையாக எடுத்தேன். கூட்டம் வழிவிட்டது. "சார் பேப்பர்காரரா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். நான் இல்லையென்று சொல்லவில்லை.

விளக்குப் போட்ட நேரத்தில் ரோல் தீர்ந்துவிட்டது. ஆனால் பிளாஷில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. கேமராவில் ஃபிலிம் இல்லாவிட்டாலும் அதை அழுத்தினால் வெளிச்சம் மட்டும் பளீரென்று அடிக்கும். "மாமா, என்னைய ஒண்ணு எடுங்க" என்று மேலே விழும் பிள்ளைகளை அப்படித்தான் சமாளித்தோம். கல்யாண வீடுகளில் போட்டோக்காரர்களே செய்வதுதான் இது. யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை.

அப்போதுதான் அந்தக் குடும்பத்தைப் பார்த்தேன். அட்டை விமானக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு மனிதர், அவர் மனைவி, நாலைந்து வயதில் ஒரு பெண் குழந்தை. போட்டோ வேண்டும் என்று குழந்தை அழுதது. அந்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் அந்தக் கடையில் எடுக்கத்தான் போகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் போய் நின்றேன்.

"அங்கன எதுக்கு அண்ணாச்சி துட்டு குடுக்கீங்க? வாங்க, நான் எடுக்கேன். சும்மாதான்."

அந்தம்மா என்னையும் கேமராவையும் பார்த்தார். முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டார். கடைக்காரர் மட்டும் வாய்க்குள் ஏதோ சொன்னார். பின்னால் என் நண்பர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன். இதை வேறு எப்படியும் எழுத முடியாது.

மூவரையும் ராட்டினத்துக்கு முன்னால் நிறுத்தினேன். அந்த மனிதர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மனைவி தன் முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார். "சிரிங்க அண்ணாச்சி, துட்டா கேக்கேன்?" என்றேன். அவர் சிரித்தார். பொத்தானை அழுத்தினேன். குழந்தை வெளிச்சத்தைப் பார்த்துக் கைதட்டியது. எந்த ஆபீஸ் என்று கேட்டுக்கொண்டு, பிறகு வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த வருடம் நான் அடித்த வெறும் பிளாஷ்களில் அதுவும் ஒன்று. அன்று சாப்பிடும்போதே மறந்துவிட்டேன்.

திருவிழா முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை அந்தம்மா அலுவலகத்துக்கு வந்தார். குழந்தையைக் கூட்டி வரவில்லை. ராயகிரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"அன்னைக்கு ராட்டினத்துக்கிட்ட எங்கள ஒரு போட்டோ எடுத்தீங்கல்லா சார்? அது வேணும். அவுகளக் காணும்."

கணவருக்கு ஆறு மாதமாகவே மனசு சரியில்லையாம். யாரோடும் பேசுவதில்லை, வயலுக்குப் போனால் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவாராம். தபசுக்கு வந்ததே அதற்காகத்தான். அம்மன் சன்னதிக்கு முன்னால் தரையில் உள்ள சக்கரத்தில் உட்கார்ந்தால் மனக்கோளாறு தீரும் என்ற நம்பிக்கையில் அவரை அதில் உட்கார வைத்துக் கும்பிட்டுவிட்டு, குழந்தை கேட்டதற்காகத் திடலுக்கு வந்திருக்கிறார்கள். போன புதன்கிழமை காலையில் வெளியே போனவர் திரும்பவில்லை. தென்காசி பஸ்ஸில் ஏறினார் என்று ஒருவர் சொன்னாராம். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கேட்டிருக்கிறார்கள். ராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கும் கணவருடைய தம்பியும், போட்டோ இருந்தால் ஊர் ஊராகக் காட்டிக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கே போட்டோ எடுக்காத குடும்பம். அவர்கள் அறிந்து அவருக்கு இருந்த ஒரே போட்டோ நான் எடுத்ததுதான்.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் என்னைச் சுற்றி ஏழெட்டு மேசைகள் இருந்தன. எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "ரோலு மதுரைக்குக் கழுவப் போயிருக்கும்மா. வந்ததும் தாரேன்."

கலர் ஃபிலிம் என்பதால் ரோல் உண்மையாகவே மதுரைக்குப் போயிருந்தது. பாதி உண்மையாக இருந்ததால் அந்தப் பொய் வாயில் தடுக்காமல் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்தார். தம்பி மில்லில் லீவு போட்டுவிட்டுத் தயாராக இருப்பதாகச் சொன்னார். "இப்பமே கெளம்புதேன்னுதான் நிக்கான். நாந்தான், சாரு தாரேன்னு சொல்லிருக்காவ, வெறுங்கையோட போயி என்னத்தக் கேப்பேன்னு நிறுத்தி வச்சிருக்கேன்."

"அடுத்த திங்கக்கெழம கண்டிப்பா வந்துரும்மா" என்றேன்.

அவர் போனதும், அன்று திடலில் என்னோடு இருந்த நண்பன் ஃபைலை மூடிவிட்டு வந்தான்.

"ஏலே, உள்ளதச் சொல்லிரு. அந்தப் பொம்பளையப் பாக்க முடியல."

"எப்படிலே சொல்ல? சிரிக்கதுக்காக அடிச்சோம்னா?"

"சிரிச்சதுக்கு நானும்தான் கூட நின்னேன். நானும் வாரேன். ராயகிரிக்குப் போயி சொல்லிட்டு வந்துருவோம்."

நான் போகவில்லை. வேறு வழி யோசித்து வைத்திருந்தேன். ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது, படம் விழவில்லை என்று சொல்லிவிடலாம். எந்த ஸ்டுடியோவிலும் சொல்வதுதான். யாருக்கும் கோபம் வராது, வருத்தம் மட்டும்தான் வரும். ஒரு வாரம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது திங்கட்கிழமை காலைத் தபாலில் படங்கள் வந்தன. யாருக்கும் தெரியாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த மனிதர் தற்செயலாகவாவது எங்காவது பின்னால் விழுந்திருக்க மாட்டாரா என்று தேடினேன். ஒரு படத்தில் இருந்தார். என் நண்பன் ராட்டினத்தைக் காட்டிக் கையை நீட்டியபடி நிற்கும் படம். அவனுக்குப் பின்னால், கூட்டத்தில், அந்தக் குழந்தையின் முகம் தெளிவாகத் தெரிந்தது. தாய் பாதி தெரிந்தார். அந்த மனிதரின் தோளும், குழந்தையைப் பிடித்திருந்த கையும் மட்டும் இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தை நண்பனின் நீட்டிய கை மறைத்திருந்தது.

படங்களை எடுத்து வைப்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். இந்த முறை தம்பியும் கூட வந்திருந்தார். மேசைமேல் கிடந்த படங்களைப் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டா சார்?"

நான் பதில் சொல்வதற்குள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படங்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பத்தாறும் முடிந்தது. எதையோ தவறவிட்டதுபோல் மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். வெளிச்சம் பட்டுவிட்டது என்று இனி எப்படிச் சொல்வது? எல்லாப் படங்களும் பழுதில்லாமல் விழுந்திருந்தன. இரண்டாம் முறை பாதிக்கு வந்தபோது, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். நானாக மனம் திருந்திச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. மாட்டிக்கொண்டதால் சொன்னேன்.

அவருக்குப் புரியவில்லை.

"அப்ப அந்த வெளிச்சம் அடிச்சதே, அது என்ன சார்?"

"அது வெறும் வெளிச்சம்மா."

தம்பி என் சட்டையைப் பிடித்துவிட்டார். "வெளையாட ஆளு கெடைக்கலையா வே ஒமக்கு?" அலுவலகமே எழுந்து நின்றது. அந்தம்மா அவர் கையை எடுத்துவிட்டார். என்னைத் திட்டவில்லை, சபிக்கவில்லை.

"மொத நாளே சொல்லிருக்கலாம்லா சார்" என்றார். "இவன் அன்னைக்கே கெளம்பிருப்பான்."

அந்தத் தோளும் கையும் உள்ள படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது அவுக கைதான்" என்றார். அதை வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்துத் தம்பி மட்டும் வந்தார். கோபம் எல்லாம் போய்க் களைத்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. நாகர்கோவில் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது, காய்ச்சலோடு ரோட்டோரம் கிடந்த ஒருவரை யாரோ கொண்டுவந்து சேர்த்ததாகவும், மூன்று வாரம் வார்டில் இருந்ததாகவும், பேர் ஊர் எதுவும் சொல்லவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். உயரம், நிறம், வயது எல்லாம் ஒத்துப்போயிருக்கிறது. காய்ச்சல் விட்டதும் நாலு நாளைக்கு முன்னால் தானாக எழுந்து போய்விட்டாராம்.

"இவருதானான்னு பாத்துச் சொல்லுதேன், போட்டோ இருக்கான்னு அந்த நர்ஸம்மா கேட்டா சார்" என்றார். "நீங்க குடுத்ததக் காட்டுனேன்."

சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். இதைச் சொல்வதற்கு மட்டுமே ராயகிரியிலிருந்து வந்திருக்கிறார் என்று, அவர் படியிறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த மனிதர் திரும்பி வரவே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தது அவர்தானா என்பதும் கடைசிவரை தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து எனக்கு மாற்றல் வந்தபோது ஒருநாள் ராயகிரிக்குப் போனேன். அந்தம்மா பருத்தி எடுக்கப் போயிருந்தார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, யாரென்று தெரியாமல், "அம்மா சாயங்காலந்தான் வருவா, இருக்கீங்களா?" என்று கேட்டது. இருக்கத் தைரியம் இல்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்தத் தெருவுக்கு அதற்குப் பிறகு நான் போனதில்லை.

திடலில் செய்தது இளவயதின் திமிர் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் மூன்று திங்கட்கிழமைகள் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு எந்தத் திமிரும் இல்லை, நாலு பேர் முன்னால் தலைகுனிய நேருமே என்ற பயம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பயத்துக்காக நான் எடுத்துக்கொண்ட பதினான்கு நாட்களும், எங்கோ ஒரு வார்டில் பேர் சொல்லாமல் படுத்திருந்த ஒரு மனிதர் வீடு திரும்புவதற்கு இருந்த நாட்களாக இருக்கலாம் என்பதை, அது அவர்தானா என்று தெரியாமலே, ஒவ்வொரு ஆடியிலும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.