செருப்புக் காவல்காரன் வாங்கி வந்த பொங்கல்

சென்ற ஐப்பசியில் ஒருநாள் என் மனைவி சாந்தாவால் எங்கள் வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் போய்விட்டது. மொத்தம் பதினெட்டுப் படிதான். ஆறாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைத்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. பரிசோதித்த டாக்டர், இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்து மாற்றியாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். அவளுக்கு அறுபத்தெட்டு வயது, எனக்கு எழுபத்து நான்கு. நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் போதும் என்று இருந்தது. அவ்வளவு அலுப்பு.

நம் பிரதோஷக் குழுவில் இதை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதிப் பழகியவன் அல்ல. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தாறு வருஷம் சேலை விரித்துக் காட்டி, திரும்ப மடித்து வைத்தவன். பக்திமான் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. குழுவில் பாதிப் பேருக்கு என்னைக் கோயில் வாசலில் செருப்போடு நிற்கிற ஆளாகத்தான் தெரியும்.

அதற்கு ஒரு கதை உண்டு. கல்யாணமாகி முதல் முறை மந்தைவெளி ஈஸ்வரன் கோயிலுக்குப் போனபோது சாந்தாவின் புதுச் செருப்பு காணாமல் போய்விட்டது. வீடு வரைக்கும் வெயிலில் வெறுங்காலோடு நடந்தாள். வழியெல்லாம் புலம்பல். அடுத்த தடவை, நீ போய்க் கும்பிட்டுவிட்டு வா, நான் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது வசதியாகவும் இருந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்பது எனக்கு ஆகாது, கோபம் வந்துவிடும். இப்படியே நாற்பத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது. அவள் உள்ளே போவாள், நான் வெளியே நிற்பேன். திரும்பி வந்து என் நெற்றியில் விபூதி பூசி, கையில் துளி பிரசாதம் வைப்பாள். என் சாமி கும்பிடுதல் அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு மார்கழியில் நாள் குறித்தார்கள். அதுவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்தோம் என்று கேட்டால், ஒன்றுமே செய்யவில்லை. காலையில் பால்கனியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காபி குடிப்போம். கீழே மெட்ரோவுக்குத் தோண்டுகிற சத்தம் ஓயாது. அந்த ரயில் ஓடுகிறபோது நாம் இருப்போமா என்பாள். இருந்தால் மட்டும் உன்னால் அத்தனை படி இறங்க முடியுமா என்பேன். லிஃப்ட் வைப்பார்கள் என்பாள். பிறகு சமையலறைப் பாடம் ஆரம்பமாகும். சீரகம் என்று எழுதிய டப்பாவில் மிளகு இருக்கும். மிளகு என்று எழுதியதில் வெந்தயம். சீரகம் எங்கே என்றால் பழைய காபித்தூள் பாட்டிலில். நான் இல்லாவிட்டால் நீங்கள் ரசத்தில் வெந்தயத்தை அள்ளிப் போட்டுவிடுவீர்கள் என்று சிரிப்பாள். அந்த 'நான் இல்லாவிட்டால்' வந்ததும் எனக்குச் சுள்ளென்று வரும். எழுந்து உள்ளே போய்விடுவேன். பத்து நிமிஷம் கழித்து எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப வந்து உட்காருவேன்.

இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும். தீபாவளி முறுக்கை அவள் தொடவே இல்லை. இட்லியைக்கூட ஒரு பக்கமாகவே மென்றாள். மூச்சு வாங்குகிறது, அதனால் சாப்பாடு இறங்கவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் அட்மிட் ஆனாள். புனேயிலிருந்து வந்த எங்கள் மகள் மீனா கூடத் தங்கினாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

விடியற்காலை குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கால் என்னமோ கோயில் பக்கம் போனது. மார்கழி, ஒலிபெருக்கியில் பாட்டு, வாசலெல்லாம் கோலம். வழக்கமான இடத்தில் போய் நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான், யார் செருப்புக்குக் காவல் நிற்கிறோம் என்று உறைத்தது. பக்கத்தில் பூ விற்கும் கண்ணம்மா என்னை இருபது வருஷமாகப் பார்க்கிறவர்.

"இன்னா நைனா, அம்மா எப்டி கீறாங்கோ? இன்னிக்கு நீ உள்ள போ. செருப்ப நான் பாத்துக்கறேன்" என்றார்.

போனேன். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்றுகூடத் தெரியாமல் முன்னால் போனவர் பின்னாலேயே போனேன். அம்பாள் சந்நிதியில் அர்ச்சனை செய்ய நட்சத்திரம் கேட்டார்கள். சாந்தாவின் நட்சத்திரம் எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. சும்மா நின்றேன். எனக்கு ஸ்லோகம் தெரியாது, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தாயே, என்னை உனக்குத் தெரியாது. வெளிய நிக்கிறவன் நான். அவளை உனக்குத் தெரியும். அவளப் பாத்துக்கோ."

வெளியே வரும்போது தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல் கொடுத்தார்கள். அதை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். மீனா காபி குடிக்கக் கீழே போயிருந்தாள். சாந்தா பச்சைக் கவுன் போட்டுச் சின்னப் பெண் போலப் படுத்திருந்தாள். பிரசாதம் என்று சொல்லி அவள் வாயில் ஒரு விரல் பொங்கலை வைத்தேன். அவள் என்னையே பார்த்தபடி மென்றாள். அடுத்த நொடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடித்துப் போனாள். உள்ளே இருந்த முழு மிளகு பல்லில் பட்டுவிட்டது.

சத்தம் கேட்டு நர்ஸ் ஓடி வந்தார். என் கையில் தொன்னை. அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது சாப்பாடாகவே தோன்றவில்லை. விரத நாளிலும் பிரசாதம் எடுத்துக்கொண்டால் விரதம் முறியாது என்று சாந்தாவே இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கும் அதே சட்டம்தான் என்று என் மரமண்டை நினைத்துவிட்டது.

ஆபரேஷனை நிறுத்திவிட்டார்கள். மயக்க மருந்து டாக்டர் முடியவே முடியாது என்றார். மீனா என்னைத் திட்டவில்லை. அதுவே தாங்க முடியவில்லை. வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உள்ளே போய்க் கேட்டேன், அதையும் என் கையாலேயே கெடுத்துவிட்டேன். இனி அவளுக்கு ஏதாவது ஆனால் நான்தான் காரணம். நான் உள்ளே போயிருக்கவே கூடாது என்று நினைத்தேன்.

மத்தியானம் டாக்டர் வந்தார். பல் வலித்ததாக நர்ஸ் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக வலி என்று சாந்தாவைக் கேட்டார். அவள் மழுப்பினாள். பல் டாக்டர் வந்து படம் எடுத்தார். கேப் போட்ட பழைய கடைவாய்ப்பல், அடியில் வேர் வரைக்கும் சீழ். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது, பல்லைப் பரிசோதித்துச் சீட்டு வாங்கி வரும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்; அப்போது, வலி வருவதற்கு முன்னால் வாங்கிய பழைய சீட்டையே அவள் கொடுத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். பல்லைக் காட்டினால் நாள் தள்ளிப்போகும், மீனாவின் லீவு தீர்ந்துவிடும் என்ற பயம்.

இதய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று கைகட்டி நின்றேன்.

"இந்தச் சீழோட நாங்க புது வால்வு வெச்சிருந்தா, கிருமி ரத்தத்துல போய் அதுலயே உக்காந்திருக்கும். அப்புறம் காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம் சார்" என்றார். அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன். நான்தான் முட்டாள். சாப்பிடக் கூடாது என்று உனக்கு நன்றாகத் தெரியுமே, நீ ஏன் வாயைத் திறந்தாய்?

"நாப்பத்து மூணு வருஷத்துல மொத தடவையா நீங்க உள்ள போய் வாங்கிட்டு வந்தது. அதைப் போய் வேணாம்னு எப்படிங்க சொல்றது?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்ல இப்போது வெட்கமில்லை.

பல்லைப் பிடுங்கி, மருந்து கொடுத்து, தை மாதம் ஆபரேஷன் செய்தார்கள். மீனா லீவை நீட்டிக்கொண்டாள். நாலு மணி நேரம் அதே வராந்தா பெஞ்சில் இருந்தேன். இந்தத் தடவை கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. நல்லபடியாக முடிந்தது. அவள் இப்போது நடக்கிறாள். மாடிப்படியில் பாதியில் நின்று என்னைத் திட்டிவிட்டு மீதியை ஏறுகிறாள்.

அவளைப் பார்த்துக்கொள் என்று மட்டும்தான் கேட்டேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் புரிய அரை நாள் பிடித்தது. மற்றபடி நான் பெரிதாக மாறிவிடவில்லை. கூட்டத்தைக் கண்டால் இன்னும் கோபம் வருகிறது. கால் வலி, தூக்கம் வராதது எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் சாந்தாவுக்கு அனுஷம் என்று இப்போது தெரியும்.

சாந்தா கூட்டத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் பிரதோஷத்தன்று கண்ணம்மா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவள் செருப்புகளோடு உட்கார்ந்துகொள்கிறாள். நான் உள்ளே போய் அர்ச்சனை செய்து, அவள் நெற்றியில் விபூதி பூசி, கையில் பிரசாதம் வைக்கிறேன்.

என்னைப் போல வாசலோடு நின்றுவிடுகிறவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். ஒரே ஒரு நாள் உள்ளே போய் வரச் சொல்லுங்கள். பாட்டுத் தெரிய வேண்டாம், நட்சத்திரம்கூடத் தெரிய வேண்டாம். செருப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சாந்தா பார்த்துக்கொள்வாள்.