அக்கா போடாத ஓட்டு

வரிசையை விட்டு வெளியே வந்தபோது அக்காவின் கையில் நீல நிற அடையாள அட்டை இருந்தது. அதைக் கைப்பைக்குள் வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு விரல்களுக்கிடையே அட்டையைப் பிடித்தபடி பள்ளிக்கூட வாசலைத் தாண்டி, முந்தின நாள் மழை தேங்கிய குழிகளில் நல்ல சேலையைத் தூக்கிப் பிடிக்காமலேயே நடந்து, நான் நின்ற வேலியோரத்துக்கு வந்தார். "எங்க, குடு பாப்போம்" என்று என் மகளை வாங்கிக்கொண்டார். அவருக்கு முன்னால் நான்கைந்து பேர்தான் மிச்சம் இருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலேசியாவில் ஈப்போவுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் எனக்கு மகள் பிறந்தாள். அம்மா அப்போதுதான் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்ததால் வர முடியவில்லை. கணவருக்குப் பெற்றோர் இல்லை. அவர் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆசிரியர். பள்ளியில் யாரோ சொல்ல, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைத்து, குழந்தையைக் குளிப்பாட்டும் வேலை செய்யும் ஒருவரைப் பக்கத்துப் புந்தோங்கில் விசாரித்து, நாற்பது நாளுக்கு வீட்டோடு இருக்க அழைத்து வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, உரத்த குரல். ஒரு துணிப்பையும், இஞ்சி பூண்டு தட்டுவதற்கென்று சொந்தமாக ஒரு சின்னக் கல்லுரலும் கொண்டு வந்திருந்தார். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். அந்த வீட்டில் எனக்குப் பயமில்லாமல் கழிந்த நேரம் என்று ஏதாவது இருந்திருந்தால், அது அந்தக் கல்லுரல் சமையலறையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரம்தான்.

மூன்றாம் நாளே குழந்தைக்குக் காமாலை மஞ்சள் ஏறியது. தினமும் காலையில் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். காலை இளவெயிலில் காட்டு என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள். எந்த வெயிலில் காட்டுவது? ஊரில் என்றால் ஐப்பசிக்கு அடைமழை, மார்கழிக்குப் பனி, பங்குனிக்குப் புழுக்கம் என்று மாதத்தை உடம்பே சொல்லிவிடும். இங்கே எல்லா மாதமும் ஒரே முகத்தோடு வந்தது. காலையில் சுண்ணாம்பு மலைகள்மேல் மூட்டம், நண்பகலில் வெக்கை, நான்கு மணிக்கு மழை. நாட்கள் நகர்கின்றனவா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அதனால் குழந்தை பால் குடித்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். ஆட்டுப்பாலில் குளிப்பாட்டினால் மஞ்சள் இறங்கும் என்றார் அக்கா. அதனால் பயனில்லை என்றார் கிளினிக்கில் மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் தாதி. நான் இருவரையும் மீறவில்லை. அக்காவைக் குளிப்பாட்டவிட்டு, பிறகு யாரும் பார்க்காதபோது ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தேன்.

அது தேர்தல் நேரம். தெருவின் இரண்டு பக்கமும் கம்பிகளிலும் மரங்களிலும் கொடிகள், கிளினிக்குக்குப் போகும் வழியெல்லாம் சிரிக்கும் முகங்கள். வாக்குச்சாவடி வேலைக்கு என் கணவரைப் போட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அவரும் அக்காவும் தினமும் வாதாடுவார்கள்.

"எவன் ஜெயிச்சாலும் எங்க ரோட்டுல குழி குழிதான் லா, சாரு."

"அப்புறம் எதுக்குக்கா தாப்பா தாண்டிப் போய் ஓட்டுப் போடுறீங்க? ஓட்டைப் புந்தோங்குக்கு மாத்திக்க வேண்டியதுதானே?"

"மாத்திட்டா? வருசமெல்லாம் காணாதவங்க அன்னிக்குத்தான் வருவாங்க. கிள்ளான்ல இருந்து ஒருத்தி எனக்குன்னே முறுக்கு சுட்டுக் கொண்டு வருவா. புந்தோங்குல யாரு குடுப்பா? நீங்களா?"

அக்கா பிறந்த தோட்டம் ரப்பர் காலத்திலேயே விற்கப்பட்டுவிட்டது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, வரிசை வீடுகள் இடிந்தன. தமிழ்ப் பள்ளியும் அதன் பக்கத்தில் மாரியம்மன் கோயிலும் மட்டும் நின்றன. சிதறிப்போனவர்களில் பலர் முகவரியை மாற்றாமலேயே இருந்தார்கள். வாக்களிப்பு நாளில் அந்தப் பள்ளிக்கூடத்து வரிசையில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு நாள்தான் தங்கச்சி. காலையில போய்ட்டு மத்தியானம் வந்துடுறேன்" என்று வாக்களிப்புக்கு முதல் நாள் கேட்டார். நான் போய் வாருங்கள் என்றுதான் சொன்னேன். அன்று காலைப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. திங்கட்கிழமை வந்தால் போதும் என்றிருந்தார் மிஸ்ஸி. ஆனால் அனுப்பும்போது, "புள்ள பாலுக்கு எழும்பலன்னா மட்டும் உடனே தூக்கிட்டு வந்துடுங்க" என்றும் சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் மறந்து அந்த ஒரு வாக்கியம் மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் விடியும் முன்பே போய்விடுவார், தொலைபேசியை எடுக்க முடியாது. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"இந்த மூஞ்சிய விட்டுட்டு நான் எப்படிப் போறது? நீயும் வா. தெனமும் கிளினிக்குக்குப் போறியே, அப்பவே பந்தாங் போச்சு" என்று சிரித்தார். பிரசவித்தவள் வீட்டைத் தாண்டக் கூடாத நாட்களுக்கு இங்கே அதுதான் பெயர்.

அவருடைய பழைய சின்னக் காரில் போனோம். குழந்தையின் இருக்கையைப் பின்னால் கட்டவே இருபது நிமிடம் ஆயிற்று. கம்பார் தாண்டும்போது அக்கா தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் இந்த மண்ணில் நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். பத்திரம் எதுவும் கையில் இல்லாததால் குடியுரிமை கிடைக்கவில்லை; குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை, அவருக்குச் சிவப்பு. "செவப்பு ஐசி லா. சாகுற வரைக்கும் செவப்புதான்." அக்காவுக்கு முதல் ஓட்டு வந்தபோது அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூடவே வந்தாராம். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வேலிக்கு வெளியே நின்று, மகள் ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். "அதுலேர்ந்து ஒரு தடவகூட விட்டதில்ல. புருசன் செத்துப் பதினாறு முடியாதப்பகூடப் போனேன், சொந்தக்காரங்க ஏசினாங்க." இதை வருத்தமாகச் சொல்லவில்லை. முன்னால் போன லாரியைத் திட்டிக்கொண்டே சொன்னார்.

ஆகவே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

வேலிக்கு வெளியே நானும்தான் நின்றேன். எனக்கு இந்த நாட்டில் கடவுச்சீட்டில் ஒட்டிய ஓர் அனுமதி மட்டுமே உண்டு. கையில் கிடந்த மகள், பிறந்த பன்னிரண்டாம் நாளில், இந்த நாட்டின் குடிமகள். வரிசையில் அக்காவைச் சுற்றி ஒரே சத்தம். யாரோ அவர் முதுகில் அடித்தார்கள், யாரோ பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். குழந்தையைப் பார்க்க நான்கு பெண்கள் வந்து கன்னத்தைத் தொட, யார் யாருக்குச் சளி இருக்குமோ என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தரைக்குப் பால் கொடுக்க எழுப்பினேன். எழவில்லை. துணியை விலக்கினேன், காதைத் தேய்த்தேன். உதடு அசைந்து நின்றுவிட்டது. பக்கத்தில் கோயில் மணி அடித்தது. படிக்கும் காலத்தில் சாமி கும்பிடுவதை ஒரு பழக்கம் என்று மட்டும் நினைத்தவள் நான். அந்த முன்பின் தெரியாத மாரியம்மாவிடம், இவள் கண் திறந்தால் எதை வேண்டுமானாலும் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு, "அக்கா!" என்று கத்தினேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

தாப்பா மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். அவள் ஊரைக் கூட்டி அழுதாள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் பால் குடித்தாள், ஒன்றரைக்கு மறுபடி குடித்தாள். கார் ஆட்டத்தில் அசந்து தூங்கியிருக்கலாம், ஆனாலும் வந்தது நல்லது என்றார் மருத்துவர். ரத்த முடிவு வந்ததும் போகலாம். இதுவரை நடந்ததை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாம், எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள் என்றார்கள். கதையை நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

மிச்சம் இதுதான். மூன்று மணிக்கு அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "தங்கச்சி, நான் ஒரு ஓட்டம் போய்ட்டு வந்துடவா? இருபது நிமிசம் போக, இருபது நிமிசம் வர. இப்ப கூட்டம் இருக்காது. புள்ள நல்லாத்தானே குடிக்குது." குழந்தை நன்றாகத்தான் குடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் தாதிகள் இருந்தார்கள். எனக்கு எந்தக் காரணமும் இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூட அவர் வாதாடியிருப்பார், ஒருவேளை திட்டிவிட்டுப் போயிருப்பார். நான் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவ்வளவுதான். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்த முறுக்கை எடுத்து, "இந்தா, தின்னு. பால் ஊறும்" என்றார். நான்கு மணிக்கு மழை வந்தது. ரத்த முடிவு வந்தபோது ஐந்தரை தாண்டியிருந்தது; அதற்குமேல் போனாலும் வாக்குச்சாவடி மூடியிருக்கும். மஞ்சள் இன்னும் இறங்கியிருந்தது.

திரும்பும் வழியில் நனைந்த கொடிகள் கம்பிகளில் ஒட்டிக் கிடந்தன. "இந்த ஒரு ஓட்டுல ஆட்சி கவுந்துச்சுன்னா, நீதான் பொறுப்பு லா" என்றார். இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவி, குழந்தைக்குச் சாம்பிராணி போட்டார். நாற்பது நாளையும் ஒரு குறை இல்லாமல் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேண்டிக்கொண்டது நான், காணிக்கை கொடுத்தது அக்கா. இதில் மாரியம்மாவுக்கு என்ன கணக்கு என்று நான் யாரைக் கேட்பது? பயம் ஒருவரைக் கெட்டவராக்குமா, இல்லை, ஏற்கெனவே உள்ள சுயநலத்துக்கு ஒரு நல்ல பெயர் கொடுக்குமா என்று குழந்தையைத் தூங்க வைக்கும் போதெல்லாம் யோசித்திருக்கிறேன். என் மகளுக்காகத்தான் என்று ஒரு நாள் தோன்றும். என் மகள் அப்போது பசியாறிக்கொண்டிருந்தாள் என்று மறுநாள் தோன்றும்.

இந்த வருடம் அந்தத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. என் மகள் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன். அக்காவை அழைத்து, போகிறீர்களா என்று கேட்டேன். அவர் அப்போது ஈப்போவிலேயே சிலிபினில் ஒரு வீட்டில், தலைப்பிள்ளை பெற்ற ஒரு பெண்ணோடு இருந்தார். அவள் கணவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. "எங்க போறது? பச்ச உடம்புக்காரி, தனியா இருக்கா. போனா போகுது, விடு" என்றார். வாக்களிப்பு நாளன்று காலை ஏழு மணிக்கு நான் அந்த வீட்டு வாசலில் நின்றேன். நீங்கள் போங்கள், நான் இருக்கிறேன் என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? ஒன்னையப் பாத்துக்கவே ஆள் வேணுமே" என்றவர், உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

அந்தக் குழந்தை இப்போது கொழுகொழுவென்று வளர்கிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அவனுக்கு ஒன்பது நாள், முகத்தில் லேசான மஞ்சள். ஏழரைக்குக் குடித்துவிட்டுத் தூங்கியவன் பத்தரைக்கு எழுப்பியபோது எழவில்லை. அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். "அக்கா, இவன் ரொம்ப மஞ்சளா இருக்கானா? பெரியக்காவுக்குப் போன் போடவா?" அவள் குரலில் இருந்த ஒவ்வொரு நடுக்கமும் எனக்குத் தெரிந்ததுதான். துணியை விலக்கி அவன் உள்ளங்காலைத் தேய்த்தேன். முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கினான். சாதாரணத் தூக்கமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இன்றுவரை அந்த வித்தியாசம் தெரியாது. அவள் போனை எடுப்பதற்குள் என் போன் அடித்தது. அக்காதான். பின்னால் ஒரே பேச்சும் சிரிப்புமாகக் கேட்டது.

"லைன் நகரவே மாட்டேங்குது லா. இன்னும் வெளியதான் நிக்கிறேன். புள்ள பால் குடிச்சானா?"

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடிச்சிட்டான்க்கா, தூங்குறான். நீங்க போட்டுட்டு மெதுவா வாங்க" என்றேன். போனை வைத்துவிட்டு, அவளிடம் குழந்தையின் கிளினிக் அட்டையை எடுத்துக்கொள்ளச் சொல்லி, கார்ச் சாவியை எடுத்தேன்.