நான் அனுப்பாமல் வைத்த மனு

சபையாரே, இதைச் சொல்ல எனக்கு வெட்கம். ஆனாலும் தேவன் செய்ததை மறைக்க மனமில்லை.

நானும் கணவரும் ஜெர்மனியில் வுப்பர்டால் நகரில் இருக்கிறோம். பக்கத்து நகரப் பல்கலைக்கழகமொன்றின் மாணவர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். போன வருடம், கறுப்பின ஆண் மாணவர்கள் படிப்பைப் பாதியில் விடாமலிருக்கத் துணைநிற்கும் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். நடத்துவதற்குக் கமரூன்காரர் சாமுவேலை எடுத்தார்கள். வியாழக்கிழமைகளில் அவருடைய அறையில் பெடியன்கள் கூடிப் படிப்பார்கள், சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும். என் தம்பி ஆஹென் நகரப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டவன். அவனுக்கு ஒருவரும் அறை திறந்து வைக்கவில்லை.

பெப்ரவரியில் ஜோயல் என்ற மாணவனின் தகப்பன் கமரூனில் இறந்தார். அடக்கத்துக்குப் போனவன், கடைசி வாய்ப்பாக இருந்த பரீட்சையைத் தவறவிட்டான். மறுபடி எழுத அனுமதி கேட்கும் மனுவைச் சாமுவேல் என்னிடம் தந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பரீட்சைக் குழுவுக்குப் போகவேண்டும். நான் அதை மற்றக் கடதாசிகளுக்கு அடியில் வைத்தேன். மறந்து அல்ல. வேண்டுமென்றே.

இரண்டு கிழமையில் ஜோயலைப் படிப்பிலிருந்து நீக்கும் கடிதம் வந்தது. சாமுவேல் என் மேசைக்கு வந்தார். "நான்தான் உங்களிடம் பிந்தித் தந்துவிட்டேன் போல" என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

வீடு திரும்பும்போது எங்கள் ஊர்த் தொங்குரயிலில் அழுதபடி ஜெபித்தேன். ஆண்டவரே, என் வேலை போகட்டும். அந்தப் பிள்ளையின் படிப்பு போகக்கூடாது.

கணவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஜெபிச்சது சரி. நாளைக்குப் போய் உம்மட வாயால சொல்லும்."

"என்னால ஏலாதப்பா."

"ஏலும். நானும் வாறன். வாசலில நிக்கிறன்."

மறுநாள் மேலதிகாரியிடமும் சாமுவேலிடமும் உண்மையைச் சொல்லி, எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். சாமுவேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கடதாசியையும் மனுவையும் சேர்த்துக் குழுவுக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை மதியச் சாப்பாட்டை விட்டு ஜெபித்தேன். குழு மனுவை ஏற்றுக்கொண்டது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள், வேலை மிஞ்சியது. ஜூலையில் ஜோயல் பரீட்சையில் சித்தியடைந்தான். வழியில் கண்டபோது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். அது நியாயம்தான்.

இப்போது அந்தப் பெடியன்களின் மனுக்களை வந்த அன்றே அனுப்புகிறேன். அவர்களுடைய சிரிப்புக் கேட்டால் இன்றும் நெஞ்சில் ஏதோ சுரண்டும். அப்போது ஒவ்வொருவனின் பெயரையும் சொல்லி ஜெபிப்பேன்.

உங்களுக்குள்ளும் அப்படி ஒரு எரிச்சல் இருந்தால், பூசி மெழுகாமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்பார். பிறகு எழும்பிப் போய், நீங்கள் மறைத்ததை எடுத்துக் கொடுங்கள்.