மன்னிக்கப்பட்ட மொட்டை

நம் கோவில்பட்டியில் மொட்டைத் தலையோடு கடைத்தெருவில் நடந்தால், எந்தக் கோயில் என்று பத்தடிக்கு ஒருவர் கேட்பார். மீசையும் இல்லையென்றால் கேட்கமாட்டார்கள்; கையைப் பிடித்துக்கொள்வார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், ஜப்பானில் நான் படித்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குள் தலையும் மீசையும் மழித்துக்கொண்டு நுழைந்த காலையில், அங்கிருந்த பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

முந்தின நாள்தான் அண்ணன் போனில் பேசியிருந்தான். "ஏலே, அப்பா போயிட்டாவ. நீ வந்து சேர ரெண்டு நாளாயிரும். சித்திரை வெயில்ல அதுவரை வச்சிருக்க முடியாதுலே. நான் கொள்ளி வச்சிருதேன். நீ அங்கனயே மொட்டை போட்டுக்கோ." நாகலாபுரத்துக் கரிசலில் மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் விதைத்து என்னைப் படிக்கவைத்தவர் அப்பா. அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. விடுதிக் குளியலறையில் நானே மழித்துக்கொண்டேன். மூன்று இடத்தில் வெட்டுப்பட்டது; அழுவதற்கு அது ஒரு சாக்கானது.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்திருந்தது. நான் ஆய்வுக்கூடத்து உலையை அணைக்க மறந்ததில், மூத்த மாணவர் ஒருவரின் ஒரு மாத உழைப்பு கருகிப்போனது. எல்லார் முன்னாலும் என்னைத் திட்டித் தீர்த்திருந்தார். இப்போது அவரே எழுந்து வந்து இடுப்புவரை குனிந்தார். "நான் அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கக் கூடாது. நீ இதற்காக மொட்டையடித்திருக்க வேண்டாம்." பேராசிரியரும் தலையாட்டினார். "உன் மனம் புரிந்தது. மன்னித்தாயிற்று." பெருந்தவறு செய்தவன் தலையை மழித்து மன்னிப்புக் கேட்பது அந்த நாட்டு வழக்கம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லுமளவுக்கு ஜப்பானிய மொழி எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். கண்கலங்கி நின்ற அந்த மூத்த மாணவரைப் பார்த்ததும், பாழாய்ப்போன என் வாய் "சுமிமாசென்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டது. அன்று முழுக்க எல்லாரும் பிரியமாக இருந்தார்கள். ஒருவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அப்பாவுக்குப் போட்ட மொட்டையை ஓர் உலைக்குக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் பொதுத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். அண்ணன் எடுத்தான்.

"மொட்டை போட்டியாலே?"

"போட்டுட்டேண்ணே."

"அங்கன யாராவது துக்கம் கேட்டாவளா?"

"கேட்டாவ. எல்லாரும் கேட்டாவ."

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி, "எம்மா, அவன் ஒத்தையில இல்லம்மா. எல்லாரும் வந்து துக்கம் கேட்டாவளாம்" என்று சொல்வது கேட்டது. அம்மா போனை வாங்கினாள்.

"அவிய எல்லாரும் நல்லா இருக்கணும்யா" என்றாள்.