பெயரை மட்டும் மாற்றிய அக்கா

அக்காவின் டேப் ரிக்கார்டரில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. எண்பதுகளின் கடைசியில், அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினாள். கல்வியியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளைகள் ஏன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. பட்டனை அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு பெண்ணிடமும், உன் பேரை எங்கேயும் எழுத மாட்டேன் என்று சாமி முன்னால் நிற்பவள் மாதிரி சொல்வாள். நான் அதைக் கேலி செய்தால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும்.

அப்படிப் பேசியவர்களில் ஒருத்தி என் வகுப்பில் படித்தவள். முத்து முத்தான கையெழுத்து. டீச்சர்கள் அதை எங்களுக்குக் காட்டிக் காட்டியே எங்கள் மானத்தை வாங்குவார்கள். ஒன்பதாவதில் ஃபெயிலாகி நின்றுவிட்டாள். கொஞ்ச நாளில் அவள் சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். தையல் சொல்லித் தருகிறேன் என்று அக்கா எங்களிடம் சொல்லி, அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வரும்போது இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம் இருக்கும். தைத்த துணி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

உண்மை எனக்கும் ஊரோடு சேர்ந்துதான் தெரிந்தது. குவார்ட்டர்ஸ் சங்கம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டது. அக்கா தன் ஆய்விலிருந்து ஒரு பகுதியை ஆசையாக எழுதிக் கொடுத்தாள். ஒரு பெண்ணுக்குப் படிக்கவே தெரியாது. கரும்பலகையில் இருப்பதைக் கோலம் போடுவதுபோல் பார்த்து வரைவாள். மற்றவர்கள் படிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடமாக ஒப்பிப்பாள். பரீட்சையில் பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்த்து வரைவாள். அழகான கையெழுத்தைப் பார்த்து எல்லாரும் ஏமாந்துபோனார்கள் என்று எழுதியிருந்தாள். சொன்ன வாக்கு தவறாமல் அந்தப் பெண்ணுக்கு வேறு பெயரும் வைத்திருந்தாள். ஆனால் முதல் வரியிலேயே, பெயிண்ட் ஷாப் தொழிலாளியின் மூத்த மகள் என்று இருந்தது.

எங்கள் குவார்ட்டர்ஸில் யாரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவதில்லை. அப்பா தொழிற்சாலையில் எந்தப் பிரிவோ அதுதான் வீட்டுக்குப் பெயர். வெல்டிங் வீடு, ஸ்டோர்ஸ் வீடு என்போம். அங்கேயே பிறந்து வளர்ந்த அக்காவுக்கு அது பேச்சில் வருவதுபோலவே எழுத்திலும் வந்துவிட்டது. (நான் இங்கே எழுதியிருப்பதும் உண்மையான பிரிவு அல்ல. அந்தப் புத்தி எங்கள் குடும்பத்துக்குத் தாமதமாகத்தான் வந்தது.) மலர் வந்த அன்றே அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பால் பூத் வரிசையில் நின்ற அவளிடம் பையன்கள் பேப்பரை நீட்டி, படித்துக் காட்டச் சொன்னார்கள். சுற்றி நின்ற பெரியவர்கள் சிரித்தார்களே தவிர யாரும் தடுக்கவில்லை.

அக்கா அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஓடினாள். நானும் கூடப் போனேன். அவளுடைய அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"நீ பேர மாத்துன, சரிதாம்மா. இங்க யாரு பேர சொல்லிக் கூப்புடறாங்க?"

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மகள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்திருந்தாள், இன்னும் நாலைந்து மாதம் வந்திருந்தால் போதும் என்று அக்கா சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஆய்வேட்டிலிருந்து அந்தப் பகுதியை எடுத்துவிடட்டுமா என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டாள். அந்தப் பெண்தானம்மா உன் ஆதாரமே, அதை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. அவர் கேட்டதும் நியாயம்தான். அக்கா ஆய்வேட்டைக் கொடுக்கவே இல்லை. அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எம்.ஃபில். இல்லாமலே அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாள். இப்போது அயனம்பாக்கத்தில் என்னோடு இருக்கிறாள்.

போன மாதம் கரையான்சாவடி பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். தலை நரைத்திருந்தாலும் அவள்தான் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். மகள் பாங்கில் வேலை செய்வதைப் பெருமையாகச் சொன்னாள். அதற்குள் அவள் போனில் செய்தி வந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி, போனை என்னிடம் நீட்டினாள். கண்ணாடி அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வாங்கிப் படித்துச் சொன்னேன். அம்மா, பஸ் ஏறினதும் போன் பண்ணு. அவ்வளவுதான் இருந்தது.

"எம் பொண்ணுக்கு இது தெரியாது," என்றாள் மெதுவாக. "உங்க அக்காகிட்டயும் சொல்லிடாத. பாவம், அவங்க மனசு ஒடிஞ்சி பூடும்."

வீட்டுக்கு வந்ததும், வழியில் யாரையாவது பார்த்தாயா என்று அக்கா வழக்கம்போலக் கேட்டாள். யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.