தாழ்ப்பாள் கேட்டவர்

வக்கீலாகி ஓராண்டுகூட ஆகாத நான், கோச்சடையில் மனவளர்ச்சி குன்றியவர்கள் தங்கியிருந்த இல்லத்துக்கு அவர்களுடைய சட்ட உரிமைகளைப் பற்றிப் பேசப் போனேன். முக்கால் மணி நேரம் முழங்கினேன். மேசை விசிறி மட்டும் தலையாட்டிக் கேட்டது.

முடிந்ததும் ஒருவர் கை தூக்கினார். நாற்பது வயதிருக்கும், கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை. திறந்து கிடந்த கதவையும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கூடத்துக்குள் வந்திருந்தார்.

"சார், பாத்ரூமுக்குத் தாழ்ப்பா வேணும். குளிக்கையில ஆளாளுக்குத் தொறக்குறாக."

"உள்ள வழுக்கி விழுந்துட்டா யாரு சார் பொறுப்பு?" என்று வார்டன் என்னைக் கேட்டார். நியாயம்தானே என்று தலையாட்டி வைத்தேன்.

பிறகு குடித்த டீ தன் வேலையைக் காட்ட, அதே பாத்ரூமுக்குள் போனேன். பட்டென்று கதவு அகலத் திறந்தது. தட்டாமல் திறந்தவர் அவரேதான். பின்னால் வார்டனும் சமையல்கார அம்மாவும் நின்றார்கள்.

"விழுந்துட்டீகளோன்னு பாத்தேன் சார்" என்றார் தாழ்ப்பாள் கேட்டவர், நிதானமாக.

பேன்ட்டை ஒரு கையில் பிடித்தபடி அன்று வார்டனிடம் வாதாடியதுபோல் நான் எந்தக் கோர்ட்டிலும் வாதாடியதில்லை. அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் மறுநாளே வந்தது.

அவர் செய்தது அக்கறையா, சாமர்த்தியமா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. சாமர்த்தியம்தான் என்றால், நான் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்திருக்க வேண்டும்.